டச்சிங் செய்த கன்னம்

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். தழும்பே இல்லாமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது உண்டா? புஜத்தில் அம்மை குத்திய வட்டம், முழங்காலில் வாடகைச் சைக்கிள் தந்த பரிசு, புருவத்தில் பம்பரம் பட்ட கீறல். பள்ளிக்கூடத்தில் அங்க அடையாளம் எழுதும் நாளில் வாத்தியாருக்குத் தேடும் சிரமமே இருக்காது. எனக்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிவிடுவார்: வலது கன்னத்தில் ஒரு தழும்பு.

இப்போது என் பேத்தி கைபேசியில் என்னைப் படம் எடுக்கிறாள். எடுத்த கையோடு முகம் வழுவழுவென்று ஆகிவிடுகிறது. எழுபது தாண்டியவளுக்கு இருபது வயதுத் தோல். தழும்பையும் காணோம். “நல்லா இருக்குல்ல அம்மாயி?” என்றாள். “நல்லாத்தான் இருக்குது கண்ணு. யாரு இது?” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த ஒரு வைகாசி மாதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்தத் தழும்புக்குச் சொந்தக்காரி என் அம்மா. எனக்கு நாலு வயதில், தீபாவளிக்குக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் போய் அவள் தோளில் தொங்கினேன். கை அதிர்ந்து மாவு தொப்பென்று சட்டியில் விழ, எண்ணெய் தெறித்தது. ஆறியபோது அரைத் துவரம்பருப்பு அளவுக்குக் கருத்து, தடித்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் சடை பின்னி, பொட்டு வைத்து முடித்ததும், அம்மா கட்டைவிரலால் அந்த இடத்தை ஒருமுறை அழுத்துவாள். மன்னிப்புக் கேட்பது போலவும் இருக்கும், பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது போலவும் இருக்கும். எனக்கோ அந்தத் தழும்பைக் கண்டாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் என் பேரே கச்சாயம் என்று ஆகியிருந்தது.

எங்கள் வீடு கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. அப்பாவுக்குத் தேங்காய் மண்டியில் வேலை. அவர் சட்டையில் எப்போதும் மட்டை ஊறின வாசம் அடிக்கும். எனக்கு ஒன்பது வயது முடிந்த ஐப்பசியில் அம்மாவுக்கு நெஞ்சுச் சீக்கு என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் தெரியுமல்லவா? தட்டு தனி, தம்ளர் தனி, கடைசியில் ஆளே தனி. தூரத்தில், மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தார்கள். ஒரு வருஷமாவது இருக்க வேண்டும், குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்து சேர்ந்தார். கைம்பெண், பக்கத்திலேயே அவருக்குக் கொஞ்சம் தோட்டமும் இருந்தது.

போகும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மாசம் ஒருக்கா புள்ளையை ஒரு போட்டா புடிச்சு அனுப்புங்க. அது போதும்.”

அப்பா வாக்குத் தவறாதவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயமுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போவார். உக்கடத்தில் இறங்கி நடந்தால் ஒரு சின்ன ஸ்டுடியோ. வாசலிலேயே படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடி மூக்கில் ஏறும். உள்ளே, மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. இரண்டு விளக்குகளின் சூட்டில் முகத்துப் பவுடர் வழியும். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “மூச்சு உடாத அம்மணி” என்பார்.

படம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் அம்மாவின் கார்டு வரும். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், ஆனால் படத்தைப் படிப்பதில் கெட்டிக்காரி. ‘சடை எடது பக்கம் கோணிக்கிட்டு இருக்குது. நகம் வெட்டி உடுங்க. பாவாடை மடிப்பைப் பிரிச்சாச்சு, புள்ளை வளந்துட்டா.’ உள்ளங்கை அகலமுள்ள ஒரு படத்தில் என் நகத்தை அவள் எப்படிப் பார்த்தாள் என்பது எங்களுக்கு இன்றுவரை அதிசயம்தான். “கண்ணா அது, பூதக்கண்ணாடியா?” என்று அத்தை கேட்பார். ஆனால் அடுத்த மாதம் நகம் வெட்டித்தான் அனுப்புவார்.

பங்குனி கடைசியில் எனக்கு அம்மை போட்டது. சின்னம்மைதான், ஆனாலும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இடம் விடவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது, எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது, வீட்டில் கவுச்சி கிடையாது. மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும் வரை ஒருவரும் வெளியூர் போகக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அத்தைக்கு இன்னொரு கவலை இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் அப்பாவிடம் சொன்னதை வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏந்தம்பி, அவளுக்கு எழுதிப்போட்டயா?”

“இல்லக்கா. எழுதோணும்.”

“எழுதாதே. அங்க தெனமும் ரெண்டு முட்டையும் ஈரல் சூப்பும் குடுத்தாத்தான் ஒடம்பு தேறும்னாங்களா இல்லியா? புள்ளைக்கு ஆத்தா வந்திருக்குதுன்னு தெரிஞ்சா அவ தொடுவாளா? ஒரு பருக்கைகூட எறங்காது. புள்ளைக்காக வெரதம் இருக்கறேன்னு அவ போய்ச் சேந்துருவா.”

அப்பா “சரிக்கா” என்றார். சித்திரை மாதத்துப் படம் போகவில்லை. ஸ்டுடியோக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று எழுதிவிட்டார். என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அன்பான பொய்யை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை.

வைகாசியில் படம் அனுப்பியே ஆக வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, ஆனால் முகம் முழுக்கப் பொக்கு உதிர்ந்த கரும்புள்ளிகள். பவுடருக்கு அடங்கவில்லை. ஸ்டுடியோக்காரர் என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “டச்சிங்ல சரி பண்ணிப்போடலாமுங்க. ஊட்டுக்காரிகிட்டக் குடுத்தர்றேன்” என்றார். அவசரம் என்று அப்பா சொன்னதால் நெகட்டிவைக் காயவைத்து அன்றைக்கே கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். மண்டிக்குக் கயிறு வாங்க வேண்டியிருந்ததால் என்னை அங்கேயே விட்டுவிட்டு அப்பா கடைவீதிக்குப் போனார். போகும்போது, “எல்லாப் புள்ளியும் போயறோணுமுங்க. அம்மை போட்டதே தெரியக் கூடாது” என்றார்.

திரைக்குப் பின்னால் சன்னல் ஓரத்தில் ஸ்டுடியோக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். நான் அக்கா என்றேன். முன்னால் ஒரு சாய்வுப் பலகை, அதன் நடுவில் ஒரு கண்ணாடிச் சதுரம், கீழே வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு பென்சிலை உப்புத்தாளில் உருட்டி உருட்டி, ஊசி மாதிரி கூர் ஆக்கி வைத்திருந்தார். என்னைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

“மொகத்தப் பாத்துட்டே செஞ்சாத்தான் அம்மணி இயல்பா வரும். நெகட்டிவ மட்டும் பாத்துட்டுச் செஞ்சா சுண்ணாம்பு அடிச்ச செவுராட்ட ஆயிப்போகும்.”

நெகட்டிவைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. முகம் கரி, தலைமுடி வெள்ளை. (தலைமுடி இப்போது நிஜமாகவே அப்படி ஆகிவிட்டது, அது வேறு கதை.) அம்மைப் புள்ளிகளெல்லாம் வெளிச்சம் ஒழுகும் ஓட்டைகளாகத் தெரிந்தன. அக்கா ஒவ்வொரு ஓட்டையையும் பென்சில் முனையால் சின்னச் சின்னக் கொக்கிகளாகக் கீறி அடைத்தார். இங்கே அடைக்கும் ஒவ்வொரு கீறலும் படத்தில் தோலை வெளுப்பாக்கும் என்று சொன்னார். கண்ணுக்குக் கீழே இருந்த மடிப்பைத் தொடவில்லை. மூக்கின் மேல் இருந்த பூனைமுடியின் மினுக்கத்தைத் தொடவில்லை. “அதெல்லாம் எடுத்தா பொம்மையாயிருவே” என்றார்.

பிறகு பென்சில் கன்னத்துக்கு வந்து நின்றது. என் முகத்தைப் பார்த்தார், நெகட்டிவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முந்தைய மாதப் படங்களுக்கு டச்சிங் செய்யவில்லை, அதனால் அவர் என்னைப் பார்ப்பதே அன்றைக்குத்தான்.

“இது பழசா அம்மணி, இப்ப வந்ததா? அம்மைப் புள்ளி ஆறு மாசத்துல தானாப் போயிரும். போறதத்தான் நான் எடுப்பேன். நெலையா நிக்கறத எடுக்க மாட்டேன். எடுத்தா அது உன்ற மொகமே இல்ல பாரு.”

அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ அதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை, ஒரு படத்திலாவது, கச்சாயம் இல்லாத என் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஒன்பது வயதுக்கு அது பெரிய ஆசை.

“இதும் அம்மைதானுங்க்கா” என்றேன்.

“பெருசா இருக்குதே.”

“சொறிஞ்சுபோட்டனுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே என் தலையில் லேசாகத் தட்டினார். அந்தப் பெரிய ஓட்டையை அடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் படம் கைக்கு வந்தபோது அப்பா அதை வெளிச்சத்துக்குக் காட்டி, “அச்சு அசலா இருக்குதுங்க” என்றார். தினமும் என்னைப் பார்க்கிற மனுஷர். தழும்பு காணாமல் போனது அவர் கண்ணில் படவே இல்லை. அத்தையும் கவனிக்கவில்லை. நான் மட்டும் பஸ்ஸில் வரும்போது உறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தேன். மறுநாள் அது தபாலில் போயிற்று.

நாலாம் நாள் கார்டு வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. பத்தாம் நாள் மத்தியானம், பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது, அத்தை வாசலில் காயப்போட்ட வடகத்தின் மேல் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். தென்னை வரிசையின் ஓரமாக ஒரு பெண் நடந்து வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். என் அம்மா!

நான் ஓடினேன். “அங்கயே நில்லு!” என்று ஒரு அதட்டல். நின்றுவிட்டேன். “திரும்பு. வலது கன்னத்தக் காட்டு. வெய்யலுக்கு வா.” வெயிலில் போய் நின்றேன். அவள் பத்தடி தூரத்தில் இருந்தே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் தோள் விறைத்துக்கொண்டிருந்தது எனக்கு அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா அத்தையை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். “நங்கை, புள்ளைக்கு ஆத்தா வந்துச்சுங்களா?”

அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். “உன்ற ஒடம்புக்காகத்தான் சொல்லலம்மா. முட்டை திங்க மாட்டயேன்னுதான்...”

“முட்டைங்களா!” அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இருமல். இருமி ஓய்ந்த பிறகு, மடியிலிருந்து படத்தை எடுத்துப் படலில் செருகினாள். “இது வந்ததுல இருந்து முட்டையும் இல்ல, சோறும் இல்ல. ஒரு மாசம் போட்டாவே வரல. அடுத்த மாசம் வந்தா கன்னத்துல தழும்பு இல்ல. இது எம்புள்ளையே இல்லைன்னு நெனச்சேன். வேற யாரையோ புடிச்சு அனுப்பிச்சிருக்கறாங்க, என்ற புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன்.”

அத்தை படத்தை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் வலது கன்னத்தில், சரியாக அதே இடத்தில், மையால் வைத்த ஒரு புள்ளி இருந்தது.

“மூணாம் நாளு மை தொட்டு வெச்சுப் பாத்தனுங்க. வெச்ச ஒடனே இவளாயிட்டா. அப்பறம் இன்னும் பயமாப் போச்சு. புள்ளை இவதான், அப்பறம் எதுக்குத் தழும்ப மறைக்கறாங்க? கன்னத்துல என்னமோ ஆயிருக்குது, அதான் மறைக்கறாங்கன்னு தோணிப்போச்சு. பொறுக்க முடியல. யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டேன்.”

அப்பா மண்டியிலிருந்து வந்ததும் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். தான்தான் எல்லாப் புள்ளியையும் எடுக்கச் சொன்னதாக அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சொல்லாமல் வந்தவளின் கட்டில் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதில் யாரைக் குறை சொல்ல? அதற்காகக் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். மறுபடி இடம் கிடைக்கும் வரை அம்மாவை அத்தையின் தோட்டத்துச் சாளையில் தங்கவைத்தார்கள். ஓலை வேய்ந்த சின்னச் சாளை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண்பானை. எனக்குக் கிணற்று மேடு வரைதான் அனுமதி. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்காருவேன். அவள் சாளை வாசலில் உட்கார்ந்திருப்பாள். காற்றுக்கு மேலாகக் கத்தித்தான் பேச வேண்டும். “வாய்ப்பாடு ஒப்பி!” என்பாள். பதினாறாம் வாய்ப்பாட்டை நான் கத்திக் கத்தித்தான் படித்தேன். நான் கிளம்பும்போது அவள் தன் கன்னத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவாள். நானும் என் கன்னத்தை அழுத்திக்கொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நாற்பது நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அவளுக்கு அந்த நாற்பது நாளும் ஊசி ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மறுபடி சேர்த்தபோது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார் டாக்டர். அப்பா அதை வந்து சொன்னபோது அத்தை சாமி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் பொய்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அவர் கடைசிவரை நினைத்திருந்தார். அதையும் நான் திருத்தவில்லை.

ஆடியில் அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். கோபமே வராத மனுஷருக்கு அன்றைக்குக் குரல் நடுங்கியது. “அம்மைப் புள்ளியத்தானுங்க எடுக்கச் சொன்னேன். நெலையான தழும்ப எதுக்குங்க எடுத்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?”

டச்சிங் அக்கா திரைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அம்மைப் புள்ளியெல்லாம் மங்கியிருந்தது. கன்னத்தில் அது மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், நான் தொலைந்தேன்.

“என்ற தப்புதானுங்க” என்றார் அக்கா. “கேக்காம எடுத்துப்போட்டேன்.”

கேட்காமல்! நிலையாக நிற்பதை எடுக்க மாட்டேன் என்று சொன்னவர், தன் தொழிலில் தனக்கு இருந்த ஒரே கௌரவத்தை எனக்காகக் கீழே போட்டார். அவர் கணவர் எல்லோர் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டார். அப்பா அதற்குப் பிறகு வேறு ஸ்டுடியோவுக்கு மாறிவிட்டார். பெரியவளாகித் தனியாக பஸ் ஏறத் தெரிந்த பிறகு ஒரு தடவை தேடிப் போனேன். அந்த இடத்தில் பாத்திரக் கடை இருந்தது. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

அம்மா பிழைத்து வந்தாள். ஒரு பொங்கலை விட்டு அதற்கு அடுத்த பொங்கலுக்கு முந்தைய வாரம், கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, படலைத் தாண்டி, நேராக வந்து என் கன்னத்தில் கட்டைவிரலை வைத்தாள். மை வைத்த படம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பெட்டியோடு வீணாகிவிட்டது. நான் சொன்ன பொய்யை அம்மாவிடம் சொல்லிவிட ஐம்பது தடவையாவது வாயைத் திறந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சு வந்துவிடும், அல்லது நான் வரவழைத்துவிடுவேன்.

தொண்ணூறு தாண்டி, போன தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசிப் பதினோரு வருஷம் என்னோடுதான் இருந்தாள். குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் வாய் துடைப்பதும் என் கைதான். கூடத்தில் மாட்டப் படம் பெரிதாக்க வேண்டியிருந்தது. காரமடைத் தேருக்குப் போனபோது எடுத்த ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அம்மாவின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

“சுருக்கத்தக் கொஞ்சமா கொறைக்கறேனுங்ம்மா. இயல்பாவே இருக்கும்” என்றாள். அம்புக்குறியைத் தாடைப் பக்கம் நகர்த்தினாள். “இது பழைய தழும்புங்களா, இப்ப வந்ததுங்களா? பழசுன்னா விட்டர்றேன்.”

திரைக்கு அருகில் குனிந்து பார்த்தேன். இடது தாடைக்குக் கீழே, ஒரு நெல் நீளத்துக்கு, வெளிறிய கோடு. நான் அதைப் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷம் என் கையால் துடைத்த முகம் அது. சின்ன வயதில் விழுந்ததா, ஆஸ்பத்திரியில் பட்டதா, சாளையில் தனியாகக் கிடந்த நாற்பது நாளில் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை.

“தெரியலீங்க” என்றேன். “ஒண்ணையும் எடுக்காதீங்க கண்ணு. அப்படியே இருக்கட்டும்.”

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு வந்து, பூ வைத்து, சந்தனம் வைக்கிறேன். அதன் பிறகு கண்ணாடிக்கு மேலே, அந்தக் கோட்டின் மீது, கட்டைவிரலை ஒருமுறை அழுத்துகிறேன்.